பச்சைமுத்துவின் இடது கை

...இதென்ன கூத்து, ஐம்பது வயது வரைக்கும் வாட்ச் கட்டாத கைகளில் இப்போது கைக்கொரு பட்டை, மணி பார்க்க அல்ல, கைகளையே வேவு பார்க்க. எறிவதையும் பிடிப்பதையும் அளக்கிறோம் என்று விழுப்புரத்துக் காலேஜிலிருந்து வந்த புனிதா பட்டைகளை இறுக்கிவிட்டு, "எப்பவும் புடிக்கிற மாதிரியே புடிங்கண்ணா, சென்சாரை மறந்துடுங்க" என்றாள். மறப்பதாம்! லாரியின் மேல் நின்றான் பச்சைமுத்து, கீழே திண்டிவனத்து வெயிலில் தர்பூசணி குவிந்து கிடக்கிறது, சின்னதுரை வீசுகிறான், இவன் பிடிக்கிறான், வீசுகிறான், பிடிக்கிறான்... குறை சொல்ல முடியாது, ஆனால் ஊமை வீச்சு. முன்பு வீசிய சகாயராஜ் என்றால் காய் கையை விட்டுக் கிளம்பும்போதே "இந்தா மச்சான்" என்று குரல் வரும், அதிலேயே எடை தெரிந்துவிடும், ஐந்து கிலோவுக்கு ஒரு இந்தா, பத்து கிலோவுக்கு ஒரு இந்தா. பதினாறு வருஷம். வல்லம், கண்டாச்சிபுரம், எந்தக் கொல்லையில் காய் அறுத்தாலும் இந்த ஜோடியைத்தான் கூப்பிடுவார்கள். மதியத்தில் உடைந்த காயைப் பிளந்து நடுச்சதையை இவன் பக்கம் தள்ளிவிடுவானே, அந்தத் தித்திப்பு இன்னும் போகவில்லை, பாழாய்ப்போன நாக்கு.

அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும்? தப்பு அவனுடையது. ஏழு வருஷமாக டீக்கடையில், கல்யாண வீட்டில், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. அன்றைக்கு அவன் வாகாக வீசவில்லை, காய் இவன் இடப்பக்கமாக வந்து கையில் நிற்காமல் உருண்டு, கீழே குனிந்திருந்த அவன் தோளிலேயே விழுந்து எலும்பு முறிந்தது, அவன் வீச்சு, அவன் தோள், இவன் என்ன செய்வான்? வலியோடு வலியாக, "உன் கைதான் லேட்டா வந்துச்சு மச்சான்" என்று எல்லார் எதிரிலும் கத்தினானே, அந்த ரோஷத்தில் ஆஸ்பத்திரிப் பக்கம்கூட இவன் எட்டிப் பார்க்கவில்லை. மேஸ்திரியும் இவன் பேச்சை நம்பி அவனைச் சேர்க்கவில்லை. கண்டமங்கலத்திலிருந்து புதுச்சேரிக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போகிறானாம், அந்தத் தோளை வைத்துக்கொண்டு.

லோடு முடிந்தது, ஒரு காய்கூடத் தவறவில்லை. பச்சைமுத்து மிதப்பாகத்தான் புனிதாவின் லேப்டாப் பக்கம் போனான். "வலது கை சூப்பர்ணா. இடது கைதான் ஒவ்வொரு தடவையும் துளி லேட்டா வருது, கண்ணுக்குத் தெரியாது. எப்பனா அடிபட்டுதா?" அடியா... கண்டாச்சிபுரத்தில் லாரியிலிருந்து சறுக்கி விழுந்தது, மணிக்கட்டு வீங்கியது, "இன்னும் பத்து நாள் போவட்டும் மச்சான்" என்று சகாயராஜ் சொல்லச் சொல்லக் கேட்காமல் கட்டை அவிழ்த்துவிட்டு ஏறியது... அவன் தோள் முறிவதற்கு இரண்டு வருஷம் முன்னால். "எத்தினி வருசமா இப்பிடி வந்துக்கினு இருக்குதுன்னு அது சொல்லுமாம்மா?" "இன்னிக்கு உள்ளதைத்தான் சொல்லும்ணா." இன்றைக்கு உள்ளது. அப்படியானால் அந்த இரண்டு வருஷம் ஒரு காய்கூட எப்படித் தவறாமல் இருந்தது? கட்டு அவிழ்த்த நாளிலிருந்து சகாயராஜ் வீசிய காயெல்லாம் வலப்பக்கமாகவே வந்ததே, ஆயிரக்கணக்கில், ஒரு வார்த்தை சொல்லாமல்... அது அவனுடைய கைப்பழக்கம் என்றல்லவா இவன் நினைத்துக்கொண்டிருந்தான்.