பெட்டைக்கு என்ன விலை

வான்கோழிக்கு என்ன விலை சொல்வது என்று ஜோதி கார்த்திகை மாதம் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தாள். போன வருடம்வரை அந்த யோசனைக்கே இடமில்லை. டிசம்பர் பிறந்ததும் துறையூர் வியாபாரி வெள்ளைச்சாமி வண்டியோடு வருவார், கோழியைக் காலைக் கட்டித் தராசில் மாட்டுவார், உயிர் எடைக்குக் கிலோ இருநூற்று எண்பது என்பார். பண்ணையில் தீவனம் கொட்டிச் சீக்கிரமே பெருக்கவைத்த வெள்ளைக் கோழிக்கும் அவர் கொடுப்பது அதே விலைதான். ஜோதியுடையது கறுப்பும் செம்புமாக மினுங்கும் பழைய ரகம். முசிறிக்கு வெளியே இருந்த அவர்களுடைய வாழைத் தோப்பில் புல்லும் பூச்சியும் பொறுக்கித் தின்று, தானே அடையில் உட்கார்ந்து குஞ்சு பொரித்து, எட்டு மாதம் கழித்துத்தான் எடைக்கு வரும். அந்த எட்டு மாதம் வெள்ளைச்சாமியின் தராசில் ஏறுவதில்லை.

அவள் கணவர் முருகானந்தம் குரலை உயர்த்தாமல் கணக்குப் பேசுகிறவர். இந்தக் கிறிஸ்துமஸுக்கு உருப்படியாக ஏதும் தேறவில்லையென்றால் மொத்தத்தையும் தள்ளிவிட்டு ஆடு வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டார். ஆட்டின் மேல் ஜோதிக்கு விரோதம் ஒன்றுமில்லை. ஆனால் காலையில் கூண்டைத் திறந்ததும், பஞ்சாயத்துக்குப் புறப்பட்ட பெரிய மனிதர்கள் மாதிரி கழுத்தை ஆட்டிக்கொண்டு வாழைக்கு நடுவே போகிற அந்தக் கூட்டத்தைப் பார்த்தால்தான் அவளுக்குப் பொழுது விடியும்.

அதனால் திருச்சியில் நேரடியாகவே விற்றுப் பார்ப்பது என்று முடிவெடுத்தாள். போன வருடம் முசிறிச் சந்தையில் அவளிடம் ஒரு கோழி வாங்கிப்போன லூர்துராணி டீச்சர் மேலப்புதூரில் இருந்தார். அவருக்கு வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்பினாள். டீச்சர் அதைத் தன் கோயில் பெண்கள் குழுவில் போட்டார். பெட்டை கிலோ நானூறு, சேவல் நானூற்று ஐம்பது. சேவலுக்கு ஏன் கூடுதல் என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் எவர் வந்தாலும் தோகை விரித்து நிற்கிற சேவலைத்தான் பார்ப்பார்கள். படம் எடுப்பதும் அதைத்தான். அதுதான் உசத்தி என்பதில் ஜோதிக்குச் சந்தேகமே எழவில்லை.

இரண்டே நாளில் டீச்சர் போன் செய்தார். ஒன்பது பேர் கேட்டிருக்கிறார்களாம். ஒன்பதும் பெட்டை.

ஜோதியிடம் இருந்ததே ஒன்பது பெட்டைதான். சேவல் ஆறு. எட்டுக் கிலோ சேவலை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது என்று டீச்சர் கேட்டார். வீட்டில் நாலு பேர், இருக்கிற குக்கர் அஞ்சு லிட்டர், ஃப்ரிட்ஜில் ஏற்கெனவே கேக் மாவு. பெட்டையென்றால் அளவாக இருக்கும், கறியும் மெத்தென்று இருக்கும்.

சாயங்காலம் முருகானந்தம் விஷயத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். நல்ல விலைதானே, கொடுத்துவிடு என்றார். பெட்டை எல்லாம் போய்விட்டால் முட்டை ஏது, அடுத்த வருடத்துக்குக் குஞ்சு ஏது என்று ஜோதி கேட்டாள். அவர் தோப்புப் பக்கம் பார்த்தார். ஆட்டுக்கொட்டகையை எந்த மூலையில் போடுவது என்று மனதுக்குள் அளக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. யார் தலையிலும் பழி போட முடியாது. விலையை அவளே தலைகீழாக வைத்துத் தன் கூட்டத்தைத் தானே விற்றிருந்தாள்.

சேவலைச் சின்னதாக்க முடியாது. ஆனால் ஆட்டை மட்டும் எந்த வீடு முழுசாக வாங்குகிறது? தீபாவளிக்குத் தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரு கிடா பிடித்துக் கூறு போட்டுக்கொள்கிறார்களே என்று அவளுக்குத் தோன்றியது. உடனே போனை எடுத்தாள்.

"டீச்சர், ஒரு சேவல நாலு கூறாப் போட்டுத் தந்தா எடுத்துக்குவாங்களா? கூறு தொள்ளாயிரம். நாங்களே வந்து அறுத்துச் சுத்தம் பண்ணித் தந்துடுறோம்."

"தொடை ரெண்டுதானேம்மா இருக்கு. நாலு வீட்டுக்கு எப்படிப் பிரிப்ப? எங்க குழுவப் பத்தி உனக்குத் தெரியாது. பாட்டு யார் எடுத்துப் பாடுறதுங்கிற சண்டையில ரெண்டு பேரு ரெண்டு வருஷமா பேசாம இருக்காங்க."

"ஒரு தொடைய ரெண்டா வெட்டணும். நெஞ்சு, ஈரல், கழுத்துன்னு எல்லாத்துலயும் நாலு பாகம். அப்புறம் ஒருத்தரு திரும்பி நின்னுக்கணும். இது யாருக்குன்னு கேட்டா கூற பாக்காம பேரச் சொல்லணும். அதுக்கப்புறம் சண்டை போட முடியாது."

டீச்சர் சிரித்தார். "சரி, பெட்டைதான் வேணும்னு நிக்கிறவங்களுக்கு?"

ஜோதி விலையை ஏற்றினாள். "கிலோ அறுநூறு டீச்சர். அதுங்கள வித்துட்டா அடுத்த கிறிஸ்துமஸுக்கு உங்களுக்குக் கோழி கிடையாது. உங்களுக்கு மட்டும் நானூறுதான், சொன்னது சொன்னதுதான்."

"இத முதல்லயே சொல்றதுக்கென்ன? பெட்டைய வித்துட்டு நீ என்ன பண்ணுவன்னு நானும் யோசிக்கல பாரு. எனக்கு ஒரு கூறு போடு."

அறுநூறு கொடுத்தும் இரண்டு பேர் பெட்டை வாங்கினார்கள். அதை ஜோதி எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் ஏழு பெட்டை மிஞ்சியதில் மனது ஆறியது. கூறு என்றதும், சேவல் பெரிதென்று ஒதுங்கியிருந்தவர்களும் சேர்ந்து இருபது கூறுக்கும் பேர் கொடுத்துவிட்டார்கள். இனவிருத்திக்கு ஒரு சேவலை நிறுத்திவிட்டு மற்ற ஐந்தையும், விற்ற இரண்டு பெட்டையையும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேலப்புதூர் போனார்கள்.

டீச்சர் வீட்டுப் பின்கட்டில் முருகானந்தம் அறுத்தார். தோப்பிலிருந்து கொண்டுவந்த இலைகளில் ஜோதி கூறு வைத்தாள். ஒரு கூறில் ஈரல் துளி அதிகம் என்று தோன்றினால் கிள்ளி அடுத்ததில் வைப்பாள். டீச்சர் சுவரைப் பார்த்து நின்று பேர் சொன்னார். பாத்திரத்தோடு வந்திருந்த பெண்களுக்கு இது புதுசு; தங்கள் பேர் எந்த இலைக்கு விழுகிறது என்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். பேசாமல் இருந்த இருவருக்கும் ஒரே தொடையின் இரண்டு பாதி விழுந்தது. கூட்டமே சிரித்தது, அவர்களும் சிரிக்க வேண்டியதாயிற்று.

எல்லாம் முடிந்து முருகானந்தம் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு கிளமென்ட் மதில் மேலாக எட்டிப் பார்த்தார். ஈஸ்டருக்குத் தன் மகள் குடும்பம் வருகிறது, நல்ல பெட்டையாக ஒன்று வேண்டும், விலை என்ன என்று கேட்டார்.

ஜோதி வாயைத் திறப்பதற்குள் முருகானந்தம் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பெட்டை குடுக்குறதில்லைங்க. அதுங்க ஈஸ்டருக்கு அடையில உக்காந்திருக்கும். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வேணா கூறு சொல்லி வைங்க."

ஜோதி சிரிப்பு தெரியாமல் குனிந்து கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அது சுத்தமாகி நேரமாகியிருந்தது.