பிளேக்கில் செத்தவர்கள்

1984ஆம் வருடம் புதுச்சத்திரத்துத் தங்கசாமி வாத்தியாருக்குக் குடும்ப வரலாறு எழுதும் கிறுக்குப் பிடித்தது. பள்ளியில் இருபத்தெட்டு வருடம் சரித்திரம் நடத்தியவர். ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தால் ஒரு சாம்ராஜ்யத்தையே எழுப்பிவிடலாம் என்று அவருக்கு நினைப்பு. எழுதியதைத் தங்கை சௌந்திரத்திடம் வாசித்துக் காட்டுவார். கணவன் போனபின் இரண்டு பெண்களோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்ட அவளுக்குத் தப்பிக்க வேறு இடமில்லை.

அன்று கையில் 1931ஆம் வருடத்துக் கல்யாணப் பத்திரிகை. மணப்பெண் அவர்களுடைய தாத்தாவின் தங்கை மகள் பெரியநாயகி. தாய்மாமன் என்ற முறையில் தாத்தாதான் அழைக்கிறார். பெற்றோர் பெயரே இல்லை. வாத்தியார் விடுவாரா? இருவரையும் பிளேக்கில் சாகடித்து, பச்சைக் குழந்தையைத் தாத்தாவின் தோளில் ஏற்றி, நான்கு பக்கம் எழுதியிருந்தார். மூன்றாவது பக்கம் வாசிக்கும்போது அவருக்கே தொண்டை அடைத்துக்கொண்டது.

சௌந்திரத்துக்கு ஒன்றும் அடைக்கவில்லை.

"அப்பன் செத்திருப்பாருங்ண்ணா. அம்மா இருந்திருப்பாங்க. தாலியறுத்தவ பேர நல்ல காரியத்துல எவனுங்க போடுவான்?"

"ஆதாரம்?" என்றார் சரித்திரப் புலி.

அவள் பெட்டியிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து வந்து நீட்டினாள். ஐந்து வருடத்துக்கு முன் அவளுடைய மூத்த பெண்ணுக்கு நடந்த கல்யாணம். எழுதியது வாத்தியாரேதான். தாய்மாமன் தங்கசாமி, பி.ஏ., பி.டி., திருப்பணிக் கமிட்டிச் செயலாளர் என்று இரண்டு வரி முழங்கியது. பெற்றோர் பெயர் இல்லை.

"இதப் பாத்தா நானும் பிளேக்குலதான் போயிருக்கோணுமுங்ண்ணா."

வாத்தியாருக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நேற்றுத்தான் இளையவளின் பத்திரிகையையும் அதே வாசகத்தோடு அச்சகத்தில் கொடுத்திருந்தார். மேல்துண்டைக்கூட எடுக்காமல் நாமக்கல் பஸ்ஸைப் பிடித்தார்.

அச்சகக்காரர் எழுத்துக் கோத்து முடித்திருந்தார். "அம்மா பேருங்களா? சம்பந்தி ஊட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

அந்தப் பயம் வாத்தியாருக்கும் இருந்தது. "சொன்னா நான் பேசிக்கறேன்" என்றார்.

"எடமில்லீங்களே. எதையாச்சும் எடுக்கோணும்."

வாத்தியார் தம்முடைய இரண்டு வரிகளைப் பார்த்தார். இரண்டு பேரைப் பிளேக்கில் சாகடிக்க ஆன நேரத்தைவிட அந்தக் கமிட்டியைச் சாகடிக்க அதிக நேரம் ஆயிற்று. "எடுத்துருங்க" என்றார் கடைசியில்.

சாயங்காலம் சௌந்திரம் புரூஃபில் விரல் வைத்துப் படித்தாள். காலஞ்சென்ற வெங்கடாசலம் அவர்கள், திருமதி சௌந்திரம் இவர்களின் குமாரத்தி. விரல் தன் பெயரிலேயே நின்றுவிட்டது. கண் நிறைந்துவிட்டது.

"அப்ப நான் பொழச்சுக்கிட்டனுங்களாண்ணா?"

வாத்தியார் உள்ளே போய் நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு, பெரியநாயகியின் அம்மா, மகளின் கல்யாணத்தன்று உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று எழுதத் தொடங்கினார். சொந்தத் தாத்தாவின் கூடப்பிறந்தவள். அவளுடைய பெயர் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை.