திரும்பி வரும் கம்பி

என் அண்ணன் தர்மசேனவும் தம்பி லயனலும் முகம் கொடுத்துப் பேசி மூன்று வருடம் ஆகிறது. வேலியோரத்துப் பலா மரம் யாருடையது என்பதுதான் சண்டை. மரம் விழுந்தே போய்விட்டது, வீம்பு மட்டும் நிற்கிறது. இருவருக்கும் நடுவில் பிறந்த நான் இருவர் சொல்லையும் மாறி மாறிச் சுமந்து அலுத்துப்போனேன்.

ஆனால் ஹொரணை ரோட்டுச் சந்தியில் புத்தரின் வெசாக் பண்டிகைக்குக் கட்டும் விளக்குப் பந்தல் எரிய இருவரும் வேண்டும். அண்ணன் மர உருளை செய்வார். அதன் மேல் செம்புத் தகடுகள் அடித்திருக்கும். மோட்டார் சுழற்றும்போது எந்தக் கம்பியைத் தகடு தொடுகிறதோ அந்தக் கம்பிக்கு மட்டும் மின்சாரம் போகும். பந்தலில் விளக்குகள் ஓடிப் பிடித்து விளையாடுவது அப்படித்தான். பல்பு வரிசைகள் தம்பியின் வேலை. அவரவர் வீட்டில் அவரவர் சோதித்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. சேர்த்து வைத்துச் சோதிக்கத்தான் இரண்டு மகாராஜாக்களுக்கும் மனம் வரவில்லை.

வெசாக் அன்று பொழுது சாய்ந்ததும் அண்ணன் பந்தலுக்குப் பின்னால் நின்று சுவிட்சைப் போட்டார். உருளை சுழன்றது. ஒரு பல்பும் எரியவில்லை.

"இருட்டுப் பந்தலா இந்த வருஷம்? புதுசா இருக்கே!" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"என் உருளை ஜோரா சுத்துது. அவன் பல்புதான் செத்துப்போச்சுன்னு சொல்லு, சீலா," என்றார் அண்ணன்.

"கரண்ட் அனுப்பினாத்தானே எரியும்? அதையும் சொல்லு அக்கா," என்றான் பந்தலின் மூங்கில் சாரத்தின் உச்சியில் நின்ற லயனல்.

அவன் ஒரு பல்பின் முனையில் டெஸ்டரை வைத்தான், டெஸ்டரின் விளக்கு எரிந்தது. மறு முனையிலும் எரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மின்சாரம் போய்த் திரும்பி வந்தால்தான் பல்பு எரியும். போகிற கம்பி இருக்கிறது, திரும்புகிற கம்பியைக் காணோம். தம்பி போடுவான் என்று அண்ணன் விட்டிருக்கிறார், அண்ணன் போடுவார் என்று தம்பி விட்டிருக்கிறான். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

அண்ணன் பின்னாலிருந்து ஒரு கம்பியை மேலே வீசினார். அதை லயனல் பல்பு வரிசையோடு முறுக்க வேண்டும், அதுவும் வெறும் கையால். அண்ணன் சுவிட்சை அணைத்திருக்க வேண்டும், டெஸ்டர் இப்போது எரியவில்லை. ஆனால் கை வைத்த பிறகு யாராவது சுவிட்சைப் போட்டுவிட்டால்? பந்தலுக்குப் பின்னால் நடப்பது அவனுக்குத் தெரியாது.

"அக்கா, நல்லா அணைச்சிருக்கான்னு கேளு."

"உசிரு உன்னோடது. நீயே கேளு."

சொல்லிவிட்டேனே தவிர, அவன் கையிலேயே கண் வைத்திருந்தேன். வீம்புக்குக் கேட்காமலே கை வைத்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

லயனல் கம்பியைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"அண்ணே... அணைச்சாச்சா?"

அண்ணன் முன்பக்கம் வந்தார். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதை அவன் பார்க்கத் தூக்கிக் காட்டிவிட்டுச் சட்டைப் பையில் போட்டார்.

"இது என்கிட்டதான் இருக்குடா. நீ இறங்குற வரைக்கும் இங்கேயேதான் நிப்பேன். கை வை."

லயனல் கம்பியை முறுக்கிவிட்டு இறங்கியதும் அண்ணன் கட்டையைச் செருகினார், பந்தல் விளக்குகள் ஓடி ஓடி எரிந்தன. கூட்டம் கைதட்டியது. திரும்புகிற கம்பியை யார் போட்டிருக்க வேண்டும் என்று அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். என்னிடம் யாரும் 'சொல்லு' என்று சொல்லவில்லை. நான் அழுதேவிட்டேன்.