கோபம் நீங்கியதற்காக ஒரு காணிக்கை

எங்கள் தீவுச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டவர் நன்மை செய்தால் ஒரு கவரில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்து, மேலே காரணத்தை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். ஆராதனை முடிகிற நேரத்தில் போதகர் அதை வாசிப்பார். பேரன் பிறந்ததற்காக, கப்பல் டிக்கெட் கிடைத்ததற்காக, மூட்டுவலி குறைந்ததற்காக என்று வரும். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களின் மூன்றாம் ஞாயிறு அவர் வாசித்தார்: “உதயசூரியன், டாலிகஞ்ச். கோபம் முற்றிலும் நீங்கியதற்காக.”

சபை ஆமென் சொல்ல மறந்துவிட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு இருமல் மட்டும் கேட்டது. என் மனைவி ஜெயமணியின் இருமல் எனக்குத் தெரியும். அது சளி இருமல் இல்லை.

கோபம் நீங்கவில்லை என்பதை நானே சொல்லிவிடுகிறேன். முந்தின வாரம் கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லாண்டிலிருந்து ஒரு ஊழியக்காரர் வந்திருந்தார். கேட்டது கிடைத்துவிட்டதாக நம்பி முன்கூட்டியே நன்றி சொல்லுங்கள் என்று பிரசங்கம் செய்தார். கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் முப்பது வருஷமாக மூட்டை தூக்குகிறேன். முன்கூட்டியே எனக்கு எதுவும் கிடைத்ததில்லை. இதாவது கிடைக்கட்டுமே என்று எழுதிவிட்டேன். ‘முற்றிலும்’ என்பதை மட்டும் விட்டிருக்கலாம்.

இத்தனை அவசரத்துக்குக் காரணம் என் மகள் நளினி. இன்னொரு தீவில், ஹட் பேயில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு கிறிஸ்மஸுக்கு முன்னால் புருஷனோடு வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் நான் ஜெபித்தேன். கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. கண்ணைத் திறந்து பார்த்தால் மாப்பிள்ளை பிரவீன்குமார் ஒரு கோழிக்காலைப் பாதி தின்றிருந்தார். நான் அவர் முன்னால் இருந்த தட்டைப் பிடுங்கிவிட்டேன். வாயில் வந்ததையும் சொன்னேன். ஆமென் சொல்லி ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மறுநாள் கப்பலில் போனவர்கள்தான். அதற்கப்புறம் பேரன் பிறந்தான். போனில் பார்த்ததோடு சரி.

திங்கட்கிழமை ஜெட்டிக்குப் போனால் செய்தி எனக்கு முன்னால் அங்கே போயிருந்தது. என்னோடு மூட்டை தூக்கும் ஜாபர் ரம்ஜான் நோன்பிலும் வாயை மூடவில்லை.

“உதயண்ணே, குஸ்ஸா, கோபமெல்லாம் போயிருச்சாமே! எந்தக் கப்பல்ல ஏத்திவிட்டீங்க? சென்னையா, கல்கத்தாவா?”

“சும்மா இருடா.”

“நான் தண்ணி குடிக்காம இருக்கேன், நீங்க திட்டாம இருங்க. யாரு முதல்ல மயங்கி விழுறாங்கன்னு பாப்போம்.”

பதினோரு மணிவரை தாக்குப்பிடித்தேன். லாரியைப் பின்னால் எடுத்த டிரைவர் நான் அடுக்கி வைத்த மூட்டைகளின் மேல் இடித்துச் சரித்துவிட்டான். அப்புறம் நடந்ததை எழுத முடியாது. ஜாபர் பக்கத்தில் நின்று விரலை மடக்கிக்கொண்டே வந்தான்.

“தமிழ், ஹிந்தி, தெலுங்கு. பெங்காலிய மட்டும் விட்டுட்டீங்களே அண்ணே. லெந்து நாளுன்னா?”

அன்றைக்குச் சாயங்காலமே போதகர் வீட்டுக்குப் போனேன்.

“ஐயா, அந்தக் கவரைத் திருப்பிக் கொடுத்திடுங்க. பொய் எழுதிட்டேன்.”

“பெட்டிக்குள்ள போனது வெளிய வராது. நம்பிக்கையில எழுதினீரா, பெருமையில எழுதினீரா?”

யோசித்தேன். “ரெண்டும் கலந்துதான் ஐயா.”

“எல்லார்கிட்டயும் கலப்படம்தான் இருக்கு. ஜெபம் பண்ணும். அவர் சலிச்சு எடுப்பார். சலிக்கும்போது ஆடத்தான் செய்யும், பொறுத்துக்கணும்.”

மறுநாளிலிருந்து விடியற்காலை எழுந்து வீட்டுப் பின்னால் தண்ணீர் டிரம் பக்கத்தில் முழங்கால் போட்டேன். என்னைப் பரிசுத்தமாக்கும், இன்றைக்கே ஆக்கும் என்று கேட்டேன். மூன்றாம் நாள் ஜெயமணி ஜன்னலைத் திறந்தாள்.

“ஏங்க, டிரைவர்கிட்டப் பேசுற சத்தத்துலயே அவர்கிட்டயும் பேசுறீங்களே. பயந்துபோய்த்தான் அவரும் தரணும்.”

கவர் விஷயத்தை அவள் மகளுக்குப் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். நளினி சிரிக்கவில்லையாம். “சபையில வாசிச்சாங்களா? அப்பாவே எழுதினாரா?” என்று இரண்டு முறை கேட்டாளாம். பிறகு, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் கப்பலில் வருகிறோம், ஆனால் மரைன் ஹில்லில் அவருடைய அத்தை வீட்டில்தான் தங்குவோம், டாலிகஞ்ச் வீட்டுக்கு வருவதா வேண்டாமா என்பதை அப்பாவைப் பார்த்த பிறகு சொல்கிறேன் என்றாளாம்.

அதைக் கேட்டபின் என் ஜெபத்தில் சத்தம் தானாகக் குறைந்தது. அந்தப் பிள்ளையைக் கையில் வாங்காமலே செத்துப்போவேனோ என்ற பயம். கேட்கவேண்டியதைப் பெரிய வார்த்தையில் கேட்க வரவில்லை. “அவங்க வரும்போது நான் வாயைத் திறக்காம இருக்கணும் ஆண்டவரே” என்றேன். அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு வேலை நாள். கப்பல் வந்தது. ஜெயமணி வெளி கேட்டில் காத்திருந்தாள். மேஸ்திரி, ஆட்கள் முக்கால்வாசி இறங்கிவிட்டார்கள், ஏற்றுங்கள் என்று கத்தினார். மகளைத் தேட நேரமில்லை. வெங்காய மூட்டையை முதுகில் வாங்கினேன். மூட்டை முதுகில் இருக்கும்போது எங்களுக்கு மனுஷர் தெரியமாட்டார்கள். குனிந்த தலைக்கு முன்னால் தெரிவது கால்கள் மட்டும்தான்.

கப்பல் ஏணி நடுவில் இரண்டு கால்கள் நகராமல் நின்றன. புதுச் செருப்பு. பின்னால் ஜாபர் மூட்டையோடு முட்டுகிறான்.

“எருமை மாடே! உங்கப்பன் வீட்டுக் கப்பலா? நகருடா!”

செருப்பு நகரவில்லை. மேலேயிருந்து ஒரு குழந்தை வீறிட்டது. அப்புறம் நளினியின் குரல்: “அப்பா!”

கழுத்தைத் திருப்பிக் கஷ்டப்பட்டு மேலே பார்த்தேன். பிரவீன்குமார் ஒரு கையில் பிள்ளையோடும் இன்னொரு கையில் பெட்டியோடும் நின்றார். பெட்டியின் வார் ஏணிக் கம்பியில் மாட்டியிருந்தது. அதனால்தான் நகர முடியவில்லை. அவர் முகம் அந்தக் கிறிஸ்மஸ் அன்றைக்குப் பார்த்த அதே முகம்.

ஜாபர் சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால் தேவலாம்.

வாய் வரைக்கும் எல்லாம் வந்தது. வழியில் நிற்கலாமா, மூட்டைக்காரனுக்கு ஒதுங்க வேண்டாமா, எனக்கென்ன தெரியும் நீங்களென்று. எல்லாம் நியாயம்தான். அன்றைக்குத் தட்டைப் பிடுங்கியபோதும் என்னிடம் நியாயம் இருந்தது.

“மாப்ள, தப்பு என்னுதுதான்” என்றேன். “இன்னைக்கும் என்னுது, அன்னைக்கும் என்னுது. மன்னிச்சிடுங்க.”

அவர் பிள்ளையைத் தோளோடு அணைத்துக்கொண்டார். பிறகு, “மாமா, மூட்டைய இறக்கிட்டுப் பேசுங்க” என்றார்.

“இறக்கினா நியாயம் பேச ஆரம்பிச்சிருவேன் மாப்ள. இப்படியே சொல்லிர்றேன்.”

அவருக்கு மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஜாபர் தன் மூட்டையைக் கம்பியில் சாய்த்துவிட்டு, கை நீட்டிப் பெட்டியின் வாரை விடுவித்தான். மாப்பிள்ளை கம்பியோரமாக ஒதுங்கி எனக்கு வழி விட்டார்.

மூட்டையைக் கப்பலில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். மூவரும் ஜெட்டியில் நின்றுகொண்டிருந்தார்கள். நளினி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“முற்றிலும் நீங்கிருச்சாம்” என்றாள். “எருமை மாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயாப்பா?”

நான் தலையைச் சொறிந்தேன். அவள் பிள்ளையை நீட்டினாள். என் சட்டையெல்லாம் வெங்காயத் தூசியும் வேர்வையும். பரவாயில்லை, பிடிங்க என்றாள். பிடித்தேன். பையன் என் காதைப் பிடித்து இழுத்தான், விடவேயில்லை.

“எத்தனை மணிக்கு வேலை முடியும்?”

“நாலு மணி.”

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். “அத்தை வீட்டுக்கு நாளைக்குப் போய்க்கலாமே?” அவர் தலையாட்டினார். கேட்டுக்கு வெளியே ஜெயமணி ஆட்டோக்காரனிடம் டாலிகஞ்ச் என்று சொன்னது எனக்கு உள்ளேவரை கேட்டது. பேசும் சத்தத்தில் அவளும் ஒன்றும் குறைந்தவள் இல்லை.

லாரியில் இன்னும் பாதி வெங்காயம் இருந்தது. மேஸ்திரி என்னைப் பார்த்து எதையோ கத்தினார். அடுத்த மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு, எனக்குள்ளே சொல்லிக்கொண்டு நடந்தேன்: “ஆண்டவரே, ஆயுசு முழுக்கக் கேக்கல. நாலு மணி வரைக்கும் பார்த்துக்கொள்ளும். அப்புறம் வீட்டுக்குப் போற வழியில மறுபடி கேக்கிறேன்.”