நீலம் போட்ட வெள்ளை

அந்தத் துணியை நான் வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்திருக்கவே கூடாது. ஆனால் என் கை சும்மா இருக்குமா?

நான் சங்கீதா. மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஆம்பூர் வருகிறவள். எட்டு வருஷம் மிஷினில் ஷூ தைத்தேன். போட்டோ திருத்த நானாகவே கற்றுக்கொண்டேன் என்று தெரிந்ததும், மேனேஜர் இஷ்தியாக் அகமது சார் என்னை சாம்பிள் ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்.

"ஒரு மாசம் பாக்குறேம்மா. ஷூ கலரும் போட்டோ கலரும் ஒண்ணா இருக்கணும். இல்லன்னா மறுபடி மிஷினுக்குப் போய்டணும்."

மிஷினுக்கா? ஏசி ரூமைக் கண்ணால் பார்த்துவிட்டேன், இனி யார் போவது!

வந்த முதல் வேலை, வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்ப ஒரு காப்பிக்கொட்டை நிற ஷூ. சாம்பிள் ரூமின் வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் வைத்துப் படம் எடுத்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாம் பச்சை அடித்தது. அதற்குத்தான் ஒயிட் பேலன்ஸ் இருக்கிறதே! படத்தில் எது வெள்ளை என்று தொட்டுக் காட்டினால் போதும், மற்ற நிறங்களை அதுவே சரிசெய்துகொள்ளும். துணியைத் தொட்டேன். ஆகா, ஷூ தகதகவென்று ஜொலித்தது! உடனே அனுப்பிவிட்டேன்.

பத்து நிமிஷத்தில் தேவசகாயம் அண்ணன் வந்தார். தோலுக்குச் சாயம் கலக்குகிறவர், அவர் கண்ணை ஏமாற்ற முடியாது. ஷூவைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"இன்னாம்மா இது? நான் காப்பி போட்டா, நீ தேன் ஊத்தி வச்சிருக்க?"

துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நான்தான் துவைத்தேன், பளிச்சென்று இருக்கட்டும் என்று நீலம் இரண்டு சொட்டு ஜாஸ்தியாகவே விட்டேன். எங்கள் வீட்டில் நீலம் போட்டால்தான் வெள்ளை! கம்ப்யூட்டருக்கு அது தெரியுமா? நீலத்தை வெள்ளை என்று நம்பி, படம் முழுக்க மஞ்சளை அள்ளிக் கொட்டியிருந்தது.

அண்ணனையும் கூட்டிக்கொண்டு சாரிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் வாயைத் திறப்பதற்குள் அந்த வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து அவர் போனில் மெயில் வந்தது. படித்தார். மறுபடி படித்தார்.

"ஷூ கலர் ரொம்பப் புடிச்சிருக்காம். அதே கலர்ல சாம்பிள் வேணுமாம்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப போட்டோவை ஏன் சார் மாத்தணும்? ஷூவை மாத்துங்க!"

"உன்னோட பேஜாரும்மா!" என்று தேவசகாயம் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் மூன்று நாள் கலந்து கலந்து பார்த்து, தேன் நிறத்திலேயே ஒரு ஷூ கொண்டுவந்து வைத்தார்.

"இப்ப ஒழுங்கா எடு, பாக்கலாம்," என்றார் சார்.

துணியா? கிட்டவே போகவில்லை. இதற்கென்றே விற்கிற, நீலமோ மஞ்சளோ கலக்காத சாம்பல் நிற அட்டையை ஷூ பக்கத்தில் வைத்து எடுத்தேன். அதைத்தான் தொட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

தேவசகாயம் அண்ணன் ஷூவைத் திரையோடு ஒட்டிப் பிடித்தார். தள்ளிப் பிடித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வந்து மறுபடி பிடித்தார்.

"குத்தம் சொல்லத்தான் தேடுறேன் சார், கிடைக்கல."

"சரி, இந்தப் பொண்ணோட மிஷினுக்கு வேற ஆள் போட்டுர்றேன்," என்றார் சார்.

நாற்காலியில் ஒரு முழுச் சுற்று சுற்றி, தேவசகாயம் அண்ணன் முழங்காலிலேயே போய் மோதினேன்.