ஆகி வந்த சட்டை

எட்டாம் மாதத்தில் எனக்குக் கண்ட இடத்தில் தூக்கம் வந்தது. பாண்டி பஜாரில் அந்தக் குழந்தைத் துணிக்கடையில் ஏசிக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். விற்கிற பெண் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகிவிட்டது. விழித்துப் பார்த்தால் எதிரே கண்ணாடி மேசை முழுக்கக் குட்டிக் குட்டிச் சட்டைகள், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தன. ஒரு கணம் அத்தனையும் என் பிள்ளைகள் என்றே நினைத்துவிட்டேன். இத்தனை பேருக்கு எப்படிப் பால் கொடுக்கப் போகிறோம் என்ற கவலைகூட வந்தது.

உண்மையில் சட்டை வாங்க எனக்கு அனுமதி கிடையாது. "பொறக்கும் முன்ன புள்ளைக்குப் புதுத்துணி எடுக்கப்பிடாது" என்று காலையிலேயே சொல்லித்தான் அனுப்பினார் என் மாமியார் பங்கஜம். குளிப்பாட்ட டப், வாளி, டவல், எனக்கு முன்பக்கம் திறக்கிற நைட்டி, இதெல்லாம் வாங்கலாம். குழந்தை மேல் படுகிற முதல் சட்டை மட்டும் ஆகி வந்ததாக இருக்க வேண்டும். அதாவது, நல்லபடியாகப் பிறந்து வளர்ந்த வேறொரு குழந்தை போட்டுக் கழித்ததாக. அப்படி ஒன்று எங்கள் சொந்தத்தில் கைவசம் இல்லை என்பது அத்தையின் அன்றாடப் புலம்பல்களில் ஒன்றாகிவிட்டது.

என்னுடன் வந்திருந்தவர் தாரணி மதினி, என் கணவர் அஸ்வினின் அக்கா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கும் இதே போல வயிறு இருந்தது. அவர் அத்தையின் சட்டத்தை மதிக்கவில்லை. ஆசை ஆசையாக எல்லாவற்றையும் முன்னாலேயே வாங்கி அடுக்கினார். ஒன்பதாம் மாதம் குழந்தை வயிற்றிலேயே அசையாமல் போய்விட்டது. டாக்டர்கள் ஏதோ காரணம் சொன்னார்கள், வீட்டில் அது யார் காதிலும் ஏறவில்லை. மதினியை யாரும் வாய்விட்டுக் குறை சொல்லவுமில்லை. ஆனால் என் வளைகாப்பன்று முதல் வளையலைப் போட வேண்டிய நாத்தனார், அடுப்படியில் நின்று புளியோதரை கிளறிக்கொண்டிருந்தார். கூப்பிட்டதற்கு, "கையெல்லாம் எண்ணெய்" என்றார். பெற்ற தாயான அத்தை இன்னொரு தடவை கூப்பிடவில்லை. எனக்கு அது பொறுக்கவேயில்லை. அதனால்தான் இன்றைக்கு அவரை வம்படியாக இழுத்து வந்திருந்தேன்.

மதினி எதையும் தொடவில்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணாலேயே எல்லாவற்றையும் பார்த்தார். "பட்டன் வச்சது வேணாம் வர்ஷினி, உறுத்தும். நாடா வச்சதுதான் நல்லது. முன்னால முடிச்சுப் போடுற மாதிரி இருக்கணும்" என்றார். வெள்ளையில் மஞ்சள் வாத்து போட்ட சட்டை ஒன்றை விற்கிற பெண் விரித்தபோது அவர் முகம் லேசாக மாறியது. நான் அதைக் கையில் எடுத்து முகர்ந்தேன். புதுத்துணியின் கஞ்சி வாசனை. வாங்க முடியாத பொருளுக்கு எப்போதும் வாசனை அதிகம்.

கடையை விட்டு வெளியே வந்ததும் மதினி சட்டென்று சொன்னார். "ஆகி வந்த சட்டை எங்கிட்ட இருக்கு. கீழ் வீட்டு ஜஹனாரா அக்கா பையன் போட்டது. உனக்குன்னு கேட்டு வாங்கி வச்சிருக்கேன். வந்து எடுத்துட்டுப் போறியா?"

தெருவில் தெரிந்தவர்களிடம் கடன் கேட்பவரைப் போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். நான் கடையில் வாங்கிய டப்பைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டோவை நிறுத்தினேன்.

"இன்னாமா, பெசன்ட் நகரா? குந்து, குந்து. பள்ளம் பாத்துத்தான் போவேன். புள்ளத்தாச்சி கீதுல்ல" என்றார் ஆட்டோக்காரர். சொன்னபடி ஊர்ந்துதான் போனார். அடையாறு பாலத்தில் ஏறும்போது காற்று மாறியது. மடியில் நீலக்கலர் டப், அதன்மேல் என் வயிறு, இரண்டும் சேர்ந்து தண்ணீரில் மிதந்துபோவது போல இருந்தது. மதினியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன். அவர் கை என் வயிற்றுப் பக்கம் வந்து, தொடாமல் திரும்பிப் போனது அரைத்தூக்கத்தில் தெரிந்தது.

அவர் வீடு வேளாங்கண்ணி கோவிலுக்குப் பின்தெருவில் இரண்டாம் மாடி. மாடி ஏற வேண்டாம் என்று என்னைக் கீழே வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு அவர் மட்டும் போய் ஒரு துணிப்பையோடு இறங்கி வந்தார். ஆறேழு சட்டைகள் இருந்தன. எல்லாம் வெளுத்து, நைந்து, கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. அப்படி ஒரு மென்மையை நான் தொட்டதில்லை. "கொஞ்சம் இரு, உனக்கு டீ போட்டு எடுத்துட்டு வரேன்" என்று மறுபடியும் மேலே போனார்.

கீழ் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஜஹனாரா வந்தார். ஐம்பதை நெருங்குகிற, சிரித்த முகம். என் வயிற்றைப் பார்த்து, "தாரணியோட தம்பி வீட்டம்மாவா?" என்று வாஞ்சையாக விசாரித்தார்.

"உங்க பையன் சட்டையைக் குடுத்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ்" என்றேன்.

எந்தச் சட்டை என்று ஒரு கணம் அவருக்குப் புரியவில்லை. பிறகு பையைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார். "ஆமா, ஃபராஸோடது. நல்லா போட்டு வளந்தான்" என்றார் மெதுவாக. அந்த நேரம் பார்த்து, மீசை வைத்த ஒரு நெடிய இளைஞன் உள்ளிருந்து வந்து, "அம்மா, காலேஜுல மத்தியான கிளாஸுக்கு லேட்டாச்சு, ஹெல்மெட் எங்க?" என்றான். "வந்து எடுத்துத் தரேன் ஃபராஸ்" என்று அவர் திரும்பினார். போகும்போது என் தோளைத் தொட்டார். "மொட்ட மாடியில ஒவ்வொரு வாரமும் காயும், நான் பாப்பேன். தொவச்சுத் தொவச்சுப் பூ மாதிரி ஆக்கி வச்சிருக்கு. போடுங்கம்மா."

நான் ஒரு சட்டையைப் பிரித்துப் பார்த்தேன். மஞ்சள் வாத்துகள். கடையில் பார்த்த அதே வாத்துகள்தான். இங்கே நீந்தி எங்கோ தூரமாகப் போய், தடம் மட்டும் மிச்சமிருந்தது. பால் கறை இல்லை. கழுத்து நாடாவில் முடிச்சுப் போட்ட சுருக்கம் இல்லை. ஒரு தடவைகூடக் கட்டாத நாடா. எந்தக் குழந்தையும் போடாத சட்டையை, யாரோ போட்டது மாதிரி பழசாகும்வரை மதினி இரண்டு வருஷமாகத் துவைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்குப் பயம் வந்தது. அதைச் சொல்வதற்கென்ன. இறந்த குழந்தைக்கு வாங்கிய சட்டை என் குழந்தை மேல் படுவதா? பையை அங்கேயே வைத்துவிட்டு, மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம். படித்தவள், வேலைக்குப் போகிறவள் என்பதெல்லாம் அந்த வராந்தாவில் எனக்கு உதவவில்லை. ஆனால் கை சட்டையை விடவில்லை. அது அவ்வளவு மெத்தென்று இருந்தது. எந்தக் குழந்தையின் துணியும் தானாக மெத்தென்று ஆவதில்லை, குழந்தை நனைக்கும், அம்மா துவைப்பாள். நனைக்க ஆள் இல்லாமலே இவர் துவைத்திருக்கிறார். டீயோடு இறங்கி வந்தபோது அவர் கண் முதலில் பையைத்தான் தேடியது. நான் அதை டப்புக்குள் வைத்து, டவலால் மூடியிருந்தேன்.

"எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன் மதினி."

அவர் டீயை ஆற்ற ஆரம்பித்தார். சூடு போன பிறகும் ஆற்றிக்கொண்டேயிருந்தார்.

சாயங்காலம் மயிலாப்பூர் வீட்டில் அத்தை பையைக் கவிழ்த்தார். "யாரு குடுத்தா?"

"மதினி. அவங்க கீழ் வீட்டுப் பையன் போட்டதாம்" என்றேன். சொல்லும்போது அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜன்னல் வெளிச்சத்தில் அத்தை வாத்துச் சட்டையைத் தூக்கிப் பிடித்தார். பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்குமா? மகளின் அலமாரியில் மடித்து அடுக்கியிருந்தபோது திட்டிக்கொண்டே பார்த்திருப்பார். நாடாவை விரலால் நீவினார். சட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"ஆகி வந்ததுதான்" என்றார் கடைசியில். பிறகு போனை எடுத்தார். அத்தைக்கு ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசத் தெரியும்.

"என்னம்மா?" என்றது மதினியின் குரல். பின்னால் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம், வாளியில்.

"தாரணி, பிரசவத்தன்னைக்கு நீ மொதல்ல ஆசுபத்திரிக்கு வந்துரு. புள்ளைக்கு மொதச் சட்டைய அத்தைக்காரி நீதான் போடணும். நாடாவ இறுக்கிக் கட்டிராத, என்ன?"

தண்ணீர் கொட்டிக்கொண்டேயிருந்தது. அத்தை போனை வைக்கவில்லை. வாளி நிறைந்து வழிவது நன்றாகக் கேட்டது. பிறகு குழாயை மூடும் சத்தம்.