பால்வாடிக் கம்பெனி

"உங்க பொண்ணு கை நீட்டுதுண்ணா. மத்த அம்மாங்க சண்டைக்கு வர்றாங்க. இன்னொரு தபா அடிச்சா வூட்லயே வெச்சுக்கோங்க" என்றாள் பால்வாடி டீச்சர் மீனம்மாள். இசக்கிதுரைக்கு இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டையில் வேலை. மனைவி கனகலட்சுமிக்கும் இப்போதுதான் ஒரு கம்பெனியில் இடம் கிடைத்திருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொந்த ஊர் திருநெல்வேலியிலிருந்து யார் வரப்போகிறார்கள்? சுகப்பிரியா வீட்டிலிருந்தால் கனகலட்சுமியும் வீட்டில்தான்.

"நாங்க அவள அடிக்கதே கிடையாது டீச்சர். இங்கதான் எவங்கிட்டயோ படிச்சிருக்கா." சத்தியமாக அப்படித்தான் நம்பினான்.

"கொஞ்ச நேரம் குந்தினு பாருங்க" என்றாள் மீனம்மாள்.

பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கம்பெனி விளையாட்டு ஆடின. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேறென்ன விளையாட்டு தெரியும்! காலித் தீப்பெட்டி ஒவ்வொன்றாகக் கைமாறிப் போனது. பிரசன்னா என்ற பொடியன் ஒன்றைக் கீழே போட்டான். சுகப்பிரியா இடுப்பில் கை வைத்தாள். "ஏலேய், கை எதுக்கு இருக்கு? சோறு திங்கவா?" அவன் தோளில் ஒன்று போட்டாள்.

இசக்கிதுரைக்கு முகம் செத்துப்போனது. சூப்பர்வைசர் ஆனதிலிருந்து, லைனில் யாரை எப்படி விரட்டினான் என்று சாப்பிடும்போது அவன் பெருமையாக நடித்துக் காட்டுவான். மகளுக்கு அதுதான் தினமும் கதை.

"வீட்டுக்கு வரட்டும், கண்டிச்சு வைக்கேன்."

"கண்டிச்சா அதையும் கத்துக்கும். வேற மாரி ஆடிக் காட்டுங்கண்ணா."

யூனிபார்மோடு தரையில் சம்மணம் போட்டான். தீப்பெட்டி வந்தது. வேண்டுமென்றே நழுவவிட்டான். மகள் கையை ஓங்கினாள். அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, நிஜக் கோபம். கையை மடியில் வைத்து நீளமாக மூச்சு விட்டான்.

"கை பதறுது மேடம். கொஞ்சம் ஊதிக்கிடுதேன்" என்று உள்ளங்கையில் ஊதினான்.

சுகப்பிரியா ஓங்கிய கையோடு நின்றாள். அப்பா நடித்துக் காட்டிய கம்பெனியில் இப்படி யாரும் சொன்னதே இல்லை. மெல்ல உட்கார்ந்தாள். அவன் கையைப் பிடித்துத் தானும் ஊதினாள். "பரவால்ல, மெதுவாப் போடு." அப்புறம் பிரசன்னாவின் கையையும் இழுத்து வைத்து ஊதினாள். அவன் கூச்சத்தில் நெளிந்தான்.

"நாளைக்கும் அனுப்புங்க" என்றாள் மீனம்மாள். அவனுக்கு உயிர் வந்தது.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. மகள் வாசல்வரை வந்தாள்.

"எப்பா, ஒங்க கம்பெனியில கை பதறுத அண்ணனுக்கு யாரு ஊதுவா?"

அந்த அண்ணன்கள் ஒவ்வொருவர் முகமும் அவனுக்குத் தெரியும்.

"இனிமே நான்தாம்மா" என்றான்.